குடத்தில் ஊறிய ஆரஞ்சு

விளம்பி வருஷம் தை மாதக் கடைசியில் மதுவிலக்குப் போலீஸ்காரர்கள் மூன்று பேர் சைக்கிளில் அகரத்துக்கு வந்து, என் மச்சானின் கத்திரித் தோட்டத்தில் புதைத்திருந்த மண்பானைகளைத் தோண்டி எடுத்து உடைத்தார்கள். பதினோரு பானைகள். லத்தியால் வயிற்றில் ஒரு குத்து விழும், பானை விரியும், உள்ளே நுரைத்துக்கொண்டிருந்த சிறுமலை வாழைப்பழக் கூழ் பாத்தியில் ஓடும். பதினோராவது பானையை ஏட்டு உடனே உடைக்கவில்லை. அதை மச்சானின் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பிடித்துக்கொண்டு நிற்கும்போது அடித்தார். ஓடு பட்டு மச்சானின் புருவம் கிழிந்தது. வாய்க்குள் வழிந்த கூழையும் ரத்தத்தையும் சேர்த்துத் துப்பிவிட்டு மச்சான் சிரித்தார்.

"நல்லாப் புளிச்சிருக்கு ஏட்டய்யா. இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா வடிச்சே குடுத்திருப்பேன்."

அதற்கு இன்னும் நாலு அடி விழுந்தது.

அவர்கள் போனதும் மச்சான் வீட்டுக்குள் போய் என் அக்காவை அடித்தார். தாடிக்கொம்புப் பாதையில் போலீஸ் சைக்கிள் தெரிந்தால் கொடியில் சிவப்புச் சேலையைப் போட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அவள் அப்போது கிணற்றடியில் இருந்தாள். சேலையும் அவளோடு கிணற்றடியில், சோப்பு நுரைக்குள் இருந்தது. இதை அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் அங்கே இருந்தேன். திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஞாயிறுதோறும் சைக்கிளில் அகரம் போய் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவேன். அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். என் அறைக்கு வந்துவிடு என்று நான் அவளிடம் சொல்லாத ஞாயிறு குறைவு. "வந்து?" என்று ஒரே வார்த்தையில் கேட்பாள். அந்த வருஷங்களில் எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை. அவள் அந்த வீட்டைவிட்டு வர வேண்டும், உடம்பில் அடி இல்லாமல் நாலு நாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எறியாமல், பின்பக்கத்தில் அன்று நடந்ததை எழுதி, வருஷக் கடைசியில் நூலால் கட்டி வைப்பேன். மழை எத்தனை நாழிகை பெய்தது, எந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்தேன், யார் யாரை அடித்தார்கள். ஞாயிற்றுத் தாளைக் காலையிலேயே கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அகரம் போவேன். அக்கா கேலி செய்வாள். "எழுதுலே. எங்க வீட்டுச் சண்டையையும் வெள்ளாமையையும் சேத்து எழுதி வையி. பின்னால வாரவுக படிச்சுச் சிரிக்கட்டும்."

அந்தத் தை மாதத்து நஷ்டம் மச்சானுக்குச் சாதாரணமல்ல. மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் பகலில் அவர்களுடைய குலசாமியான கருப்புக்குக் கிடா வெட்டுவார்கள். அப்போது படையலுக்குச் சாராயக் கலயம் கொண்டுபோகும் உரிமை மச்சான் வீட்டுக்கு உரியது. கலயத்தைச் சாமி குடிக்கும். அதாவது, அருள் வந்து ஆடுகிற சாமியாடி குடிப்பார். அந்தச் சாமியாடி மச்சானின் பெரியப்பா மகன். இருவருக்கும் அடுத்தடுத்த வயல். மார்கழியில் வாய்க்கால் மடையைத் திறந்தது யார் என்ற சண்டையில் ஒருவரை ஒருவர் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டார்கள். மச்சானின் முதுகில் ஒரு தழும்பு, சாமியாடியின் முழங்கையில் ஒன்று. பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் கலயம் கொடுத்தாக வேண்டும், அவர் குடித்தாக வேண்டும்.

"இந்த வருஷம் வெறுங் கலயத்தத்தான் தூக்கிட்டு வருவான்னு சொல்லித் திரியிறானாம் மாப்ளே," என்றார் மச்சான் என்னிடம், புருவத்தில் மஞ்சள் பற்றோடு. "அவன் வாய் அப்படியே பொளந்து நிக்கிற மாதிரி ஒண்ணு செய்யணும்."

அங்கேதான் நான் குறுக்கே வந்தேன். ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு பழ மது செய்வதைப் பற்றிச் சமீபத்தில்தான் ஒரு நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். நம் ஊரில் பழத்தைப் புளிக்க வைத்து வடிக்கிறோம், வடித்தபின் பழத்தின் வாசனை போய்விடுகிறது. அங்கே வடித்த சாராயத்தில் பழச்சாற்றையும் தோலையும் போட்டு, இனிப்புச் சேர்த்து, நாள் கணக்கில் ஊற வைக்கிறார்கள். நான் இதைச் சொன்னதும் மச்சான் எழுந்து உட்கார்ந்தார். "ஆரஞ்சு?" என்றார். "ஆரஞ்சும்தான்," என்றேன்.

அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். சாமியாடி கலயத்தைக் குடித்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். இவ்வளவு ருசியானதை இவன் கையால் குடித்தோமே என்று வெந்து சாக வேண்டும்.

மண்டி வேலையாக நான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வத்தலக்குண்டு போவேன். மலையிலிருந்து இறங்கும் கமலா ஆரஞ்சு அங்கே பஸ் நிலையத்தின் பக்கத்தில் கூடை கூடையாக விற்கும். பருவம் முடிகிற சமயம், பழம் சுருங்கி, சாறு புளிப்பேறி இருந்தது. ஒரு சாக்கு வாங்கி பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தேன். சாராயத்தை மச்சான் கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம், போலீஸ் கண்ணில் படாமல் மீதமிருந்த ஒரே ஒரு கூழ்ப் பானையிலிருந்து வடித்து வைத்திருந்தார். குடுவையில் நெருப்புக் காட்டினால் நீலமாக எரிந்தது.

எதில் ஊற வைப்பது? மண்பானை என்றால் போலீஸ்காரனின் லத்தி தானாகவே உயரும். புட்டி என்றால் மோந்து பார்ப்பான். மச்சான்தான் யோசித்துச் சொன்னார். "எந்தப் போலீசும் அடுக்கி வச்சிருக்க தண்ணிக் கொடத்த எறக்கிப் பாக்க மாட்டான்." அக்காவின் சீர்வரிசையில் வந்த பித்தளைக் குடங்கள் நாலு, சமையலறை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அடியிலிருந்த பெரிய குடத்தை எடுத்தோம். புளிபோட்டுத் துலக்கியது, உள்ளே தங்கமாக மின்னியது. நானே சாறு பிழிந்தேன். தோலை நூல்நூலாக அரிந்து போட்டோம், பனங்கற்கண்டு போட்டோம், சாராயத்தை ஊற்றி வாயைத் துணியால் கட்டினோம். மேலே மூன்று குடங்களைத் தண்ணீரோடு அடுக்கினோம். அக்கா அன்று களையெடுப்புக்குப் போயிருந்தாள். சிவராத்திரிக்கு எட்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. நான் போனபோது அக்கா குடங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். அடிக்குடத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, உள்ளே பார்த்து, மோந்து, முகம் மாறி நிமிர்ந்தாள். மச்சான் வாசலில் நின்றார்.

"இதத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"ஏங்க, இந்தக் கொடத்துல போயி புளிப்ப..."

புறங்கையால் வாயில் அறைந்தார். அவள் அடுப்புமேடையில் போய் விழுந்தாள். மறுபடி எழுந்து, உதட்டில் ரத்தத்தோடு, "நான் சொல்றதச் செத்த கேளுங்க, புளிப்பு..." என்றாள். மறுபடி அறைந்தார். மூன்றாவது முறை அவள் வாயைத் திறக்கவில்லை. குடத்தின் வாயைக் கட்டி, மேலே மற்றவற்றை அடுக்கினாள். நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன். தட்டில் சோறு இருந்தது. அன்றைய தாளை அங்கேயே எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். கடைசி வரியாக, "நான் எழுந்திருக்கவில்லை" என்று எழுதினேன்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நானும் கேட்கவில்லை.

சிவராத்திரிக்கு மறுநாள், வெயில் உச்சிக்கு வரும் நேரம். தோப்புக்குள் கருப்புவின் அரிவாள்கள் நட்ட பீடத்தின்முன் ஏழு கிடாக்களை வெட்டினார்கள். ஒரே வீச்சில் தலை போக வேண்டும். ஐந்தாவது கிடாவுக்கு இரண்டு வீச்சு ஆனது. கூட்டம் முணுமுணுத்தது. அது பாதிக் கழுத்தோடு நாலடி ஓடி, பொங்கல் வைத்திருந்த பெண்களின் நடுவில் விழுந்தது. மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார். சாமியாடிக்கு அருள் வந்துவிட்டது. கையில் அரிவாளோடு, ரத்தம் மிதித்த கால்களோடு சுற்றிச் சுற்றி வந்து நின்று, "எங்கலே என் கலயம்?" என்றார்.

மச்சான் புது வேட்டியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கலயத்தை நீட்டினார். ஆரஞ்சு வாசனை நான் நின்ற இடம்வரை வந்தது. சாமியாடி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்துக் கலயத்தை எறிந்தார். மச்சான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரிசு வாங்கப் போகிறவர்போல.

முகம் சுளித்தது. ருசியால் என்று மச்சான் நினைத்திருப்பார். சாமியாடி இரண்டு சுற்று ஆடினார், நின்றார், வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அரிவாள் கீழே விழுந்தது. மடங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்தார். முதலில் ஆரஞ்சு நிறம், அதன்பின் பச்சை. மயில்துத்தத்தைக் கரைத்ததுபோல் நீலம் கலந்த பச்சை, கிடாவின் ரத்தத்தின்மேல் பரவியது.

மேளம் நின்றது.

"வெஷம்," என்றது ஒரு குரல். "வாய்க்காத் தகராறுக்குச் சாமிக்கே வெஷம் வச்சுட்டான்."

முதல் அடி யார் கையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சாமியாடியின் தம்பி பொங்கல் அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை உருவிக்கொண்டு வந்தது தெரியும். மச்சானின் தோளில் அது பட்டு வேட்டியில் பொறி விழுந்தது. அவர் கையை உயர்த்தித் தடுத்தார். அரிவாளின் பின்புறத்தால் அந்தக் கையில் போட்டார்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. விழுந்தார். காலால் முகத்தில் உதைத்தார்கள். "நான் ஒண்ணும் கலக்கல அப்பு, கருப்பு மேல சத்தியமா ஒண்ணும் கலக்கல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தாடை போனபிறகு அந்த வார்த்தைகளும் குழம்பின.

பச்சையைப் பார்த்த அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. மண்டியில் தராசின் பித்தளைத் தட்டில் எலுமிச்சம்பழத் துண்டை வைத்துவிட்டுப் போய், மறுநாள் அதே பச்சையைச் சுரண்டியிருக்கிறேன். குடம், புளிப்பு, அக்கா முடிக்காத வாக்கியம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். குரல் எழுப்பினால் கேட்கும் தூரத்தில்தான் நின்றேன்.

சொல்லவில்லை. பயம் என்று பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்தேன். பயமும் இருந்தது. ஆனால் அந்த உதைகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உதட்டுக்கு ஒன்று, அடுப்புமேடைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று. இவன் இங்கேயே செத்தால் அவள் என்னோடு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன்.

அக்கா வீட்டிலிருந்து குடத்தோடு ஓடிவந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போய், மீதமிருந்த ஆரஞ்சுச் சாராயத்தை எரியும் கட்டை பிடித்திருந்தவன் காலடியில் கவிழ்த்தாள்.

"வெஷம் வைக்கத் தெரியிற அளவுக்கு இந்தாளுக்குப் புத்தி இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்றாள். "கொடத்துக்குள்ள பாருங்க. ஈயம் பூசாத பித்தள. தண்ணிக் கொடத்துக்கு எவ ஈயம் பூசுவா? இதுல போயி புளிச்ச பழத்தப் பிழிஞ்சு, ஒம்போது நாள் ஊற வச்சிருக்காரு."

ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. பொங்கல் பானையருகில் நின்ற வயதான பெண் ஒருத்திதான் வந்து குடத்தின் கழுத்துக்குள் விரலை விட்டுத் துழாவி எடுத்தாள். விரல் பச்சை. அதை ஆண்களின் பக்கம் நீட்டினாள்.

"களிம்பு. பித்தளையில மோருகூட ஊத்த மாட்டோமேடா. இது தெரியாத ஆம்பளையா?"

இன்னொருத்தி சொன்னாள்: "எல்லாம் ஆக்கிப்போட்டா திங்கத் தெரியும்." பெண்களிடையே ஒரு சிரிப்பு ஓடியது. தாடை உடைந்த மனிதன் கிடாக்களுக்கு நடுவில் கிடக்க, அந்தச் சிரிப்பு ஓடியதை நான் கேட்டேன். கட்டையைப் பிடித்திருந்தவன் அதைக் கீழே போட்டான்.

இருவரையும் ஒரே மாட்டுவண்டியில்தான் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாமியாடிக்கு வழியெல்லாம் பாலும் முட்டையின் வெள்ளைக்கருவும் கொடுத்தார்கள். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மச்சானுக்குத் தாடையைக் கம்பியால் கட்டினார்கள், வலது கைக்கு மாவுக்கட்டு. அக்கா கஞ்சியை உறிஞ்சு குழாயில் ஊட்டினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னிடம் கேட்டாள்.

"தம்பி, நீ அங்கதான் நின்ன. ஒனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"பச்சையாக் கக்குனப்பவே."

அவள் புறங்கையால் என் வாயில் அறைந்தாள். அவர் அவளை அறைவது போலவே, அதே பக்கம், அதே வீச்சு. அவள் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. "அவரு அடிக்கிறப்பயும் ஒக்காந்திருந்த. அவர அடிக்கிறப்பயும் நின்ன," என்று சொல்லிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள்.

பங்குனியில் ஊர்ச் சாவடியில் விசாரணை கூடியது. விஷமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கலயத்தைக் கெடுத்த வீடு இனிக் கலயம் எடுக்கலாமா என்று சாமியாடியின் ஆட்கள் கேட்டார்கள். மச்சானுக்குக் கம்பி எடுத்திருந்தார்கள், பேச்சு கோணலாக வந்தது. உரிமையை விட அவருக்கு மனசில்லை.

"என் தப்பு இல்ல," என்றார். "இந்தச் சங்கதி எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தா. என்னயக் கொல்லப் பாத்தா. அவளக் கேளுங்க."

கூட்டம் அக்காவைப் பார்த்தது. கலயத்தைக் கெடுத்த பழி அவள் தலையில் விழுந்தால் அதன்பின் எந்த வீட்டுப் படியும் அவளுக்கு இல்லை. அவள் மச்சானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வரும்போது மாசி மாதத்துத் தாள்களை எடுத்துவரச் சொல்லி முந்தின நாளே ஆள் அனுப்பியிருந்தாள்.

"படி," என்றாள்.

அந்த ஞாயிற்றுத் தாளை எடுத்துப் படித்தேன். அவள் துணியை அவிழ்த்தது, "இந்தக் கொடத்துல போயி புளிப்ப" என்றது, முதல் அறை, மறுபடி சொல்ல வந்தது, இரண்டாவது அறை. அத்தோடு நிறுத்தினேன்.

"இன்னொரு வரி இருக்குமே," என்றாள் அக்கா. "நீ எதையும் பாதியில விடுறவன் இல்லையே."

"நான் எழுந்திருக்கவில்லை," என்று படித்தேன்.

சாவடியில் ஒருவர் இருமினார். மச்சான் எழுந்து இடது கையை ஓங்கிக்கொண்டு அவள் பக்கம் ஒரு அடி வைத்தார். சாமியாடியின் தம்பி, எரிகட்டையால் அடித்தவன், அவரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தான். சாமியாடி மட்டும் பேசினார்: "கலயம் இனிமே எங்க வீடு எடுக்கும். இந்தப் பிள்ளை மேல பழி இல்ல."

அக்கா என்னிடம் வந்து கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஒரு துணிமூட்டையோடு வந்தாள். குடங்களை எடுக்கவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். அறையைக் காலி செய்து தருகிறேன் என்றேன்.

"ஒன் அறைக்கு வரல," என்றாள். "ரெண்டு பேரையும் பாத்துட்டேன்."

திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து, கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் வேறு இரண்டு பெண்களோடு இருந்தாள். என் அறையிலிருந்து இருபது நிமிஷ நடை. சாலையில் பார்த்தால் நின்று பேசுவாள், புகையிலை வாசனை வீசும், உதடு வீங்கி நான் பார்த்ததேயில்லை. மச்சான் இரண்டு முறை வந்து வாசலில் கத்தினார். இரண்டாம் முறை உள்ளேயிருந்த மூன்று பெண்களும் புகையிலை வெட்டும் கத்திகளோடு வெளியே வந்தார்களாம். இதை அவளே சொன்னாள், சிரித்துக்கொண்டு. அந்தத் தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.

விளம்பி வருஷத்துத் தாள்கள் இன்னும் நூல் கட்டியபடி என்னிடம் இருக்கின்றன. மாசியில் ஒரு ஞாயிறு மட்டும் இல்லை. கேட்டால் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை.